கடலடியில் ஒரு சாட்சி

"எனக்கு நட்டஈடு வேணும். யசிந்தா அக்காதான் தரவேணும்."

விடத்தல்தீவு மீனவர் கூட்டத்தில ஜெனிஸ்ரன் எழும்பி நிண்டு இப்பிடிச் சொன்னதும், கதிரையில இருந்த சனம் முழுக்க அவனைத் திரும்பிப் பாத்துது. புருசன் செத்து இரண்டு வருசம் ஆகாத பொம்பிளையிட்டக் கேக்கிற கேள்வியே இது?

போன கிழமை ஜெனிஸ்ரன்ர பைபர் படகு, தண்ணி வத்தின நேரம் கடலில எதிலயோ மோதி அடிப்பக்கம் பிளந்துபோச்சுது. மோதினது யசிந்தாவின்ர மனுசன் டெனிசியசோட கடலுக்கடியில தாண்டுபோன படகில.

படகு கிடக்கிற இடம் எல்லாருக்கும் தெரியும். மனுசன்ர உடம்புதான் கரைக்கு வரவேயில்லை. மூண்டு நாள் சுழியோடித் தேடினவன் இதே ஜெனிஸ்ரன். அவனா இப்பிடி எண்டு யசிந்தாவுக்கு நம்பவே ஏலாமக் கிடந்தது.

மாசத்தில ஒருநாள் அவள் ஆரின்ரயாவது வள்ளத்தில போய், அந்த இடத்தில குனிஞ்சு பாப்பாள். தண்ணி தெளிஞ்ச நாளில, நீலத்துக்குள்ள படகின்ர முன்பக்கத்து அணியம் மங்கலாத் தெரியும். மீன்கள் உள்ளால போய் வெளியால வரும். பாத்துக்கொண்டே இருந்தா, மனுசன் தொழிலுக்குப் போட்டு வந்து களைப்பில படுத்திருக்கிறார் எண்டுதான் தோணும். சத்தம் போடாமல் திரும்பி வருவாள். ஊர் அதைப் பைத்தியம் எண்டுது. சொன்னாச் சொல்லட்டும், அவளுக்கும் போய் அழ ஒரு இடம் வேணுமெல்லே.

சங்கத் தலைவர் யசிந்தாவிட்ட ஒரு கடதாசியை நீட்டினார்.

"பயப்பிடாதை பிள்ளை. படகைக் கைவிட்டுட்டன் எண்டு இதில கையெழுத்தைப் போடு. சொந்தக்காரர் இல்லாத படகுக்கு ஆரிட்ட நட்டஈடு கேக்கிறது? நாளைக்கு இரும்பு வியாபாரியின்ர கிரேன் வருது. தூக்கி உடைச்சுக் கொண்டுபோயிடுவினம்."

"உடைக்கிறதோ?" யசிந்தா கதிரையை விட்டு எழும்பப் பாத்தாள்.

"இல்லாட்டி இவன் உன்னைக் கோட்டுக்கு இழுப்பான்."

வீட்டில இரண்டு பிள்ளையள். சொத்தெண்டு ஒரு தையல் மெசின். அவள் பேனையை எடுத்தாள். எழுத்தெல்லாம் தண்ணிக்குள்ள கிடக்கிறமாதிரி ஆடிச்சுது.

ஜெனிஸ்ரன் வந்து பேனையைப் பறிச்சான்.

"அந்த விளையாட்டு வேண்டாம். மன்னாரில சட்டத்தரணியைப் பிடிச்சு வழக்கும் போட்டாச்சு, தடையுத்தரவும் எடுத்தாச்சு. படகு இவாவின்ர எண்டு சங்கப் புத்தகத்தில எழுதுங்கோ. கிரேன் தூக்கினா என்ர சாட்சி போச்சு. வழக்கு முடியுமட்டும் அதில ஒருத்தரும் கை வைக்கேலாது."

"சீ, நீயும் ஒரு மனிசனே?" எண்டாள் பின்வரிசையில இருந்த மேரிசெல்வி. கனபேர் அதைத்தான் நினைச்சவை.

யசிந்தா எழும்பினாள். "எழுதுங்கோ. அது எங்கட படகுதான்."

பின்னேரம் அவள் கரைக்குப் போனாள். ஜெனிஸ்ரன் தன்ர படகைக் கவிட்டுப் போட்டு, பிளந்த இடத்துக்குத் தானே பைபர் ஒட்டிக்கொண்டிருந்தான்.

"தம்பி, என்னட்டக் கிடக்கிறது ஒரு தையல் மெசின்தான். அதை எடுத்துக்கொண்டு வழக்கை விடு."

அவன் நிமிரேல்லை.

"விட்டா நாளைக்கே கிரேன் வந்திடும் அக்கா."

"வந்தா உனக்கென்ன?" எண்டாள் யசிந்தா.

"வழக்கில நான்தான் தோற்பனாம். சட்டத்தரணி அப்பவே சொல்லிப்போட்டார்," எண்டான் ஜெனிஸ்ரன், ஒட்டின இடத்தைத் தடவிக்கொண்டு. "ஆனா தோக்கிறதுக்கே பத்து வருசம் செல்லுமாம். அதுவரைக்கும் அண்ணை அங்கயே கிடக்கட்டும்."