ஃபிளாப்பியில் கொள்ளுத்தாத்தா

"இந்தப் பக்கத்தையும் படம் எடுத்துடலாமாக்கா?" என்று கேட்டான் நிரஞ்சன்.

"எத்தினி வாட்டி கேப்ப? பிரிண்ட் ஸ்க்ரீன் பட்டனை அமுக்கு. அப்பால பெயின்ட்டைத் தொறந்து பேஸ்ட் பண்ணு. அவ்ளோதான்," என்றாள் ஜைதூன் பீ.

மயிலாப்பூர் லஸ் முனையில் இருந்த அவளுடைய பிரவுசிங் சென்டருக்கு நிரஞ்சனும் மாளவிகாவும் மூன்று நாட்களாக வந்துகொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் யாரோ ஒருவர் கும்பகோணம் பக்கத்துக் குடும்பங்களின் வம்சாவளிகளைத் திரட்டி இணையத்தில் ஏற்றியிருந்தார். ஒரு பக்கம் திறக்கப் பத்து நிமிடம். ஒரு ஃபிளாப்பியில் நாலு படம்தான் கொள்ளும். பெண் வீட்டுக்கு நீல ஃபிளாப்பி, பையன் வீட்டுக்குக் கறுப்பு.

"இன்னாத்துக்கு இவ்ளோ பாடு?" என்று முதல் நாளே கேட்டுவிட்டாள் ஜைதூன்.

"வெள்ளிக்கிழமை எங்களுக்கு நிச்சயதார்த்தம். ரெண்டு குடும்பமும் எப்பவோ சொந்தம்னு ஒரு பேச்சு காதுல விழுந்தது. அதுக்குள்ள தெரிஞ்சாகணும்," என்றாள் மாளவிகா.

அன்றிலிருந்து இருக்கிறதிலேயே வேகமான கம்ப்யூட்டரை ஜைதூன் அவர்களுக்கென்றே ஒதுக்கிவிட்டாள்.

இன்று மத்தியானம் ஒரு பக்கம் மெல்ல மெல்லத் திறந்தது.

"இங்கே பாருங்கோ!" மாளவிகாவின் விரல் திரையில் நின்றது. "எங்க கொள்ளுத்தாத்தாவும் உங்க கொள்ளுத்தாத்தாவும் கூடப்பிறந்தவா! உங்களவர் ஸ்வீகாரம் போயிருக்கார். அதான் கோத்திரம் வேறயா இருக்கு."

"அப்போ நாம பங்காளி. அண்ணன் தங்கை முறை," என்றான் நிரஞ்சன்.

"அப்ப கல்யாணம்?" என்றாள் ஜைதூன் பதறிப்போய்.

"எங்காத்துப் பெரியவா ஒத்துக்கவே மாட்டா," என்றான் நிரஞ்சன்.

மாளவிகா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. நிரஞ்சன் அந்தப் படத்தையும் ஃபிளாப்பியில் ஏற்றிவிட்டு எழுந்தான்.

"ரெண்டு அப்பாவையும் ஆத்துலயே இருக்கச் சொல்லி போன் பண்ணிட்டு வந்துடறோம்."

இருவரும் பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்குப் போனார்கள். ஜைதூனுக்கு மனசு கேட்கவில்லை. என்றைக்கோ யாரோ தத்துப் போனதற்கு இந்தப் பிள்ளைகளா பிரியவேண்டும்? ஃபிளாப்பிகளை ஒவ்வொன்றாகச் செருகினாள்.

அவர்கள் திரும்பி வந்ததும் கையில் கொடுத்தாள்.

"எல்லாத்தையும் அழிச்சிட்டேன். நானும் பாக்கல, நீங்களும் பாக்கல. வெள்ளிக்கெழம ஜோரா மோதிரம் மாத்திக்கினு நல்லா இருங்க!"

மாளவிகா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ அக்கா! பிடிக்கலைன்னு நாங்க ரெண்டு பேரும் சொன்னா யாரும் காதுல வாங்கிக்கலை. இதைக் காட்டி நிச்சயதார்த்தத்தை நிறுத்தத்தானே மூணு நாளா தேடினோம்!"