சொக்கிக்குப் பட்டினி

“ஏன் தம்பி, நீ மனுஷன்தானா? இந்த நாயோட விலா எலும்பை ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிடலாம் போலிருக்கே!”

மாடிப்படியில் வைத்தே கேட்டுவிட்டேன். நான் தைலம்மாள், நாலாவது மாடி. எதையும் மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாது எனக்கு.

கீழ்வீட்டு உதயசூரியன் சிரித்தான். “இது விப்பெட் ஜாதி, அக்கா. ஓடுற நாய். ஒல்லியாத்தான் இருக்கணும்.”

“ஆமாமா! நீ மட்டும் தொந்தியும் தொப்பையுமா இரு!”

தினமும் விடிந்ததும் சைக்கிள் பின்னால் சொக்கியை ஓட விடுவான். சனிக்கிழமை சாயங்காலம் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் தலாவுக்குப் படகேறி, அங்கிருந்து த்வாண்டே ஊர் வயலுக்குக் கூட்டிப் போவான். ராத்திரி இவன் டார்ச் அடிக்க, நெல்லைத் தின்ன வரும் பெருச்சாளிகளைச் சொக்கி விரட்டிப் பிடிக்கும்.

பிடிக்கட்டும், வேண்டாம் என்றா சொன்னேன்? ஆனால் வேட்டைக்குப் போகிற அன்றைக்கு மத்தியானத்திலிருந்து அதற்குச் சோறு கிடையாது! ஞாயிறு காலை நாக்கைத் தொங்கப்போட்டு வருகிற ஜீவனுக்கு உடனே ஒரு வாய் போடுவானா? ம்ஹூம். வெந்நீரில் காலைக் கழுவி, முள் குத்தியிருக்கா என்று பார்த்து, தொடையைத் தேய்த்துவிட்டு, போர்வை சுற்றிப் படுக்கவைத்து, குளுக்கோஸ் தண்ணீரை மடக்கு மடக்காகக் கொடுத்து... அப்புறம்தான் கஞ்சி.

“பசியோட ஓடவிட்டுட்டு என்னடா உபசாரம்?” என்பேன். சிரித்துக்கொண்டே போர்வையைச் சரிசெய்வான்.

நல்லவேளை, நான் இருந்தேன். மலேசியாவில் இருக்கும் என் மகன் மோகனுக்கு ஏழரைச் சனி. வேலை பெர்மிட் இழுத்துக்கொண்டே போகிறது. பைரவரை வேண்டிக்கொண்டு, பதினெட்டு சனிக்கிழமை நாய்க்குச் சோறு போடுவதாக நேர்ந்திருந்தேன். அந்த வேண்டுதலைக் கட்டடம் முழுக்கச் சொல்லியாச்சு. எந்த நாய்க்கு என்று மட்டும் சொல்லவில்லை.

தெரு நாய் என்றால் எனக்கு நடுக்கம். சொக்கி சாது. உதயசூரியன் கிளம்புவதற்கு முன் குளிக்கப் போவான். அந்த நேரம் பார்த்து, படியில் கட்டியிருக்கும் சொக்கிக்கு ஒரு தட்டு தயிர்சாதம், நாலு உளுந்து வடை. ஒரு நிமிஷத்தில் தட்டு பளபளக்கும். அவனிடம் சொன்னால் தடுப்பானே, பாவி!

மூணாவது ஞாயிறு. சொக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். வயிறு பானையாக வீங்கியிருந்தது. முதல் ஓட்டத்திலேயே சுருண்டு விழுந்துவிட்டதாம். ராத்திரியில் படகு இல்லாமல், விடிகிறவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம்.

“பட்டினி போட்டே கொன்னுட்டியேடா!”

தெருக்கோடி நாய் டாக்டரிடம் ஓடினான். விடுவேனா? நானும் பின்னாலேயே ஓடினேன்.

“சயாமா, நாயை இவன்கிட்ட திருப்பிக் குடுக்காதீங்க! வேற நல்ல ஆளாப் பார்த்துக் குடுங்க!” என்று டாக்டரம்மாவிடம் பர்மிய மொழியில் கத்தினேன்.

டாக்டரம்மா வாந்தி வர ஊசி போட்டார். சொக்கி ஒரு பேசின் நிறைய வாந்தி எடுத்தது. அப்பாடா, கண்ணைத் திறந்தது.

“பட்டினியா?” டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். “நல்லாப் பழக்கின உடம்பு இது. ஓடுறதுக்கு முன்னால யாரோ வயிறு முட்டத் தின்னக் குடுத்திருக்காங்க. அப்படி ஓடினா இரைப்பை முறுக்கிக்கும். முறுக்காமத் தப்பிச்சதே அதிர்ஷ்டம்.”

பேசினை நீட்டிக் காட்டினார். உளுந்து வடைத் துண்டு, முழு மிளகு. நட்டநடுவில் ஒரு கறிவேப்பிலை.

என் வடையேதான்!

“யார் குடுத்தது? அது தெரியாம நாயைத் தரமாட்டேன்.”

உதயசூரியன் கறிவேப்பிலையைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்தான். கஞ்சிக்கு மேல் எதுவும் வைக்கத் தெரியாத பிரம்மச்சாரி.

“நான்தான் சயாமா. பசியோட பார்த்தது, பாவமா இருந்துச்சு. புத்தி கெட்டுப்போய்க் குடுத்துட்டேன்.”

டாக்டரம்மா கால்மணி நேரம் அவனைக் கிழி கிழி என்று கிழித்தார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் நாயை மறந்துவிட வேண்டியதுதான் என்றார். தலையைக் குனிந்து அத்தனையும் வாங்கிக்கொண்டான். நான் பக்கத்தில் மரமாக நின்றேன். வெட்கக்கேடு.

சொக்கியை அவன் தோளில் போட்டுக்கொள்ள, நான் பின்னாலேயே வந்தேன். கட்டட வாசலில் அவன்தான் பேச்சை ஆரம்பித்தான்.

“அக்கா, வேண்டுதல்ல இன்னும் எத்தனை சனிக்கிழமை பாக்கி?”

“பதினஞ்சு...” சொக்கியின் தலையைத் தடவினேன். “இனிமே வேணாம்ப்பா.”

“ஏன் நிறுத்தணும்? மோகனுக்குப் பெர்மிட் வரவேணாமா? நான் வேட்டையை வெள்ளிக்கிழமைக்கு மாத்திக்கிறேன். ஓடி முடிச்ச மறுநாள் சொக்கிக்கு நல்ல சாப்பாடு வேணும்க்கா, தயிர்சாதம் போடுங்க... வடையை மட்டும் எனக்குக் குடுத்திடுங்க.”