முட்டைக்கோஸ் பீப்பாய்

“கையும் களவுமா பிடிச்சிட்டேன்!”

மாரிபோர் நகரத்துக் கணினி மையத்துக்குள் துள்ளிக்கொண்டு நுழைந்தாள் நேஷா.

நூற்றுக்கணக்கான சர்வர்கள் ஒரே ஆளாக உழைக்கும் புது இயந்திரம் வரப்போகிறது. அதற்குப் பொதுச் சேமிப்பிடம் திட்டமிடுவது அவளுடைய முதல் பெரிய வேலை. பழைய சேமிப்பில் கிடக்கும் சுமையைக் குறைத்துவிட்டால் போதும், புதுசு முழுவதையும் அதிவேக டிஸ்க்கிலேயே போட்டுவிடலாம். நினைக்கும்போதே அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

“யாரைப் பிடிச்ச?” என்றான் பக்கத்து மேஜை மித்யா, வாய் நிறைய பொத்தித்ஸா கேக்கோடு.

“நம்ம தலைவர் ஸ்லாவ்கோ சாரைத்தான்! ஒரு மாசம் தொடாத கோப்பு தானா அழியணும்னு சட்டம் போட்டதே அவருதானே? அவர் கணக்குல மட்டும் ‘முட்டைக்கோஸ்’னு ஒரு ஃபோல்டர், மலை மாதிரி கிடக்குது. மாசாமாசம் தேதியைப் புதுப்பிச்சு, அழியாம பாத்துக்கிறாரு!”

“அடப்பாவி மனுஷா! நம்மளுக்கு இத்துனூண்டு இடம் குடுக்க மூக்கால அழுவாரே!”

ஸ்லாவ்கோ உள்ளே வந்தார். நேஷா விடுவாளா?

“சார், அது என்ன முட்டைக்கோஸ்?”

மனிதர் முகம் சிவந்துபோனது.

“அது... குளிர்காலத்துக்குன்னு வீட்டுல முட்டைக்கோஸை உப்புப் போட்டுப் பீப்பாய்ல ஊறப்போட்டு வைக்க மாட்டோமா? அந்த மாதிரி.”

“புதுசுல பீப்பாய்க்கெல்லாம் இடமில்ல சார். சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். அழிச்சிடவா?”

“கொஞ்ச நாள் விட்டுவைக்கலாமேம்மா...”

“சார்!”

“சரி. திட்டம் உன்னுது. உன் இஷ்டம்.”

ஜெயித்துவிட்ட குஷியில் நேஷா கீபோர்டில் விரலை வைத்தாள். அப்போது வெள்ள ஆராய்ச்சி செய்யும் ரோக் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

“சார், மோசம்போனேன்! ரெட்டைக் குழந்தை பிறந்துச்சா, ஆஸ்பத்திரியே கதின்னு கிடந்தேன். இப்போ வந்து பாத்தா என் கோப்பு ஒண்ணுமே இல்ல. திராவா ஆத்து வெள்ளக் கணக்கு மொத்தமும் போச்சு!”

“ஒரு மாசம் தொடலைன்னா போகத்தான் செய்யும்,” என்றாள் நேஷா. “இந்தச் சேமிப்புல நாங்க நகல் எடுத்து வைக்கிறதே இல்ல. தெரியாதா உங்களுக்கு?”

ரோக் அவளை விநோதமாகப் பார்த்தான்.

“நகலே இல்லையா? அப்போ நீ காலை உடைச்சுக்கிட்டுப் படுத்திருந்தப்போ அழிஞ்சுபோன உன் ஆராய்ச்சியை சார் எங்கிருந்து எடுத்துக் குடுத்தாரு?”

‘எங்கேயோ ஒரு பழைய பிரதி கிடந்துச்சும்மா, உன் அதிர்ஷ்டம்’ என்று அன்றைக்கு ஸ்லாவ்கோ சொன்னது நேஷாவுக்கு நினைவு வந்தது. திரும்பிப் பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கீபோர்டிலிருந்து விரலை எடுத்து, முட்டைக்கோஸைத் திறந்தாள். அழியவிருந்த ஒவ்வொருவர் கோப்பும் அவரவர் பெயரில் அங்கே இருந்தது; ரோக்கின் வெள்ளக் கணக்கும் பத்திரமாக இருந்தது.

“ஐயோ, என் தெய்வமே!” என்று ரோக் குதித்தான்.

நேஷா அதை ரோக்கின் கணக்குக்கு மாற்றிக் கொடுத்தாள். புதுத் திட்டத்தின் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்:

“சார்... பீப்பாய் எவ்வளவு பெருசா வேணும்?”