மருமகளுக்குக் கிளட்ச் வராது

"என் மருமகளைக் கியர் வண்டியிலேர்ந்து ஆட்டோமேட்டிக்குக்கு மாத்திடுங்க. இவளுக்கு இந்த ஜென்மத்துல கிளட்ச் வராது!"

தொக்கியே அம்மா போட்ட சத்தத்தில், ஓட்டுநர் பள்ளியில் காத்திருந்த ஆறு பேரும் போனிலிருந்து தலையைத் தூக்கினார்கள்.

கவுண்டரில் இருந்தது நான்தான். அந்தம்மாவுக்குப் பின்னால் மருமகள் ஹொனாமி, தலையைக் குனிந்தபடி. அவளுக்கும் பின்னால், சேறு காயாத ரப்பர் பூட்ஸோடு மாமனார் கென்சோ. ஜப்பானின் தொட்டோரியில் பேரிக்காய்த் தோட்டம் வைத்திருக்கும் குடும்பம்.

"அதெப்படி மாத்தறது?" என்று கென்சோ முன்னால் வந்தார். "நம்ம லாரி கியர் வண்டி. ஆகஸ்ட்ல காய் பறிக்கணும். இவ ஆட்டோமேட்டிக் லைசென்ஸ் வாங்கிட்டு வந்தா லாரியைத் தொடக்கூட முடியாது. போலீஸ் பிடிப்பான்."

"பிடிக்கட்டுமே! லாரி உயிரோட இருக்கும்ல? முள்ளங்கி ஊறுகாய்க்குக் கல்லு வைக்கிற மாதிரி கிளட்ச் மேல காலைத் தூக்கி வைக்கிறா. நேத்து தோட்டத்துல ஓட்டிக் காட்டுன்னேன். வண்டி தவளை மாதிரி தாவித் தாவிப் போய்க் கோழிக் கூண்டுல நின்னுது."

கென்சோவின் முகம் வெளுத்தது. "அந்த பம்பர் நசுங்கினது... இவளா?"

"பின்ன? கோழியா வந்து இடிச்சுது?"

அந்த நேரம் பார்த்துப் பயிற்சியாளர் கடோவாக்கி உள்ளே வந்தார். ஒருவரைப் பாராட்ட அவருக்கு வாயே வராது.

"ஹொனாமியா? இந்த வருஷம் வந்ததுலேயே இவங்கதாங்க நல்லா ஓட்டறாங்க. மேட்டுல நிறுத்தி எடுக்கறப்ப ஒரு அங்குலம்கூடப் பின்னால..."

"பாத்தீங்களா!" என்று தொக்கியே அம்மா பாய்ந்தார். "வாத்தியார் எவ்வளவு நல்லவர்! நம்ம மனசு புண்படக்கூடாதுன்னு எப்படியெல்லாம் பொய் சொல்றார் பாருங்க."

"பொய் இல்லைங்க, நிஜமாவே..."

"போதும் சார், போதும். நீங்க சொல்லச் சொல்ல எங்களுக்குத்தான் அவமானமா இருக்கு."

கடோவாக்கி என்னைப் பார்த்துக் கையை விரித்தார்.

எனக்கு ஒரே ஆத்திரம். நன்றாக ஓட்டும் பெண்ணை ஊர் முன்னால் இப்படியா மட்டம் தட்டுவது? ஹொனாமியின் தோள்கள் குலுங்கின. பாவம், அழுகிறாள்.

"நீங்க என்னம்மா சொல்றீங்க?" என்று அவளிடமே கேட்டேன். "கியர்ல முடிக்க உங்களுக்கு இன்னும் நாலே வகுப்புதான்."

குனிந்த தலை நிமிரவில்லை. "அத்தை சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள்.

கென்சோ யோசித்தார். அந்த லாரியைத் தினமும் துடைத்துத் துடைத்து வைப்பவர் என்று ஊருக்கே தெரியும். பெருமூச்சு விட்டார்.

"போடும்மா, முத்திரையைப் போடு. வண்டி பிழைக்கட்டும்."

ஹொனாமி கையெழுத்துக்குப் பதிலாகத் தன் பெயர் முத்திரையைப் படிவத்தில் குத்தினாள். மூவரும் வெளியே போனார்கள். நான் கண்ணாடிக் கதவை முறைத்துக்கொண்டே இருந்தேன்.

இரண்டு நிமிடத்தில் தொக்கியே அம்மா மட்டும் திரும்பி வந்தார், குடையை மறந்துவிட்டதாக.

என்னால் பொறுக்க முடியவில்லை. "மன்னிச்சுக்குங்கம்மா. நீங்க பண்ணினது நியாயமே இல்லை. அந்தப் பொண்ணு நல்லாத்தான் ஓட்டுது. அழ வேற வெச்சுட்டீங்க."

"அழுதாளா?" அந்தம்மா எட்டி வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சிரிப்பை அடக்கத் தெரியாத கழுதைங்க அவ. 'தலையைத் தூக்கினே, ரெண்டு பேரும் மாட்டிக்குவோம்'னு படிச்சுப் படிச்சுச் சொல்லிக் கூட்டிட்டு வந்தேன்."

"அப்ப, கோழிக் கூண்டு?"

"நான்தான் இடிச்சேன். ரெண்டு தடவை. முதல் தடவை பம்பர் சரியா நசுங்கலை."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "எதுக்குங்க இவ்வளவு கூத்து?"

"அவ டவுன்ல பல் ஆஸ்பத்திரியில வேலை பாக்கறா. ஆசைப்பட்டுப் படிச்ச படிப்பு. அதை விட்டுட்டு லாரி ஓட்ட வான்னு இவர் ஒத்தைக் கால்ல நிக்கறார். அவளுக்கு முடியாதுன்னு சொல்ல வாய் வரலை. லைசென்ஸ்லயே 'ஆட்டோமேட்டிக் மட்டும்'னு அச்சடிச்சிருந்தா யாரால கேக்க முடியும்? சட்டம்ல!"

"வேணும்னா பின்னால நாலு மணி நேரம் பயிற்சி எடுத்து, கியருக்கு..."

"ஷ்ஷ்!" என்று என் வாயைப் பொத்த வந்தார். "அதை இவர் காதுல மட்டும் போட்டுடாதீங்க."

"அப்ப ஆகஸ்ட்ல லாரியை யாரு ஓட்டுவாங்க?"

"அவர்தான். லைசென்ஸ் இருக்கே. லாரின்னா இடுப்பு வலிக்கும், மீன் பிடிக்கப் போனா வலிக்காது. என் இடது முட்டி போயிடுச்சு. இனிமே கிளட்ச்சை மிதிக்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அதான் இவர் புதுசா ஆள் தேடறார்."

வெளியே ஹார்ன் அடித்தது. அந்தம்மா குடையை எடுத்துக்கொண்டு என் நாற்காலியை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"கல்யாணமான புதுசுல நானும் உங்களை மாதிரிதான், போஸ்டாபீஸ் கவுண்டர்ல உக்காந்திருந்தேன். இந்த அறுவடை முடியற வரைக்கும் மட்டும் லாரி ஓட்டும்மான்னாங்க. முப்பத்திரண்டு வருஷம் ஆச்சு, அந்த அறுவடை இன்னும் முடியலை."