ஓடிப்போன ஆமையும் படுத்துப்போன வெப்சைட்டும்

"அண்ணி, சைட்டு மறுபடியும் படுத்துருச்சு."

டெய்லரம்மா கொழுந்தன் பக்கம் திரும்பினா. "அது படுக்குற வரைக்கும் நீ என்ன பண்ணிட்டிருந்தே?"

தையல் கடைக்கு வெப்சைட் போட்டுக் குடுத்ததே கொழுந்தன்தான். அது ஓடுறது கட்டிங் டேபிளுக்கு அடியில கெடக்குற பழைய லேப்டாப்புல. 'உங்க துணி ரெடி'ன்னு பாக்க நாளைக்கு நாலு பேர் வந்தாலே கூட்டம்.

இன்னிக்குக் காலையில அதுல ஒண்ணு போட்டாங்க: 'மின்னல் என்கிற எங்கள் ஆமை ஓடிப்போய்விட்டது. பார்த்தவர்கள் இங்கே எழுதவும்.'

ஆமை ஓடிருச்சாம்னு ஒருத்தன் சிரிச்சான், பத்துப் பேருக்கு அனுப்பினான். மத்தியானத்துக்குள்ள ஊரே உள்ள வந்து விழுந்துச்சு. லேப்டாப் இஸ்திரிப் பெட்டியாக் கொதிக்குது. இருக்குற ஒரே ஃபேனை அதுக்குத் திருப்பி விட்டுட்டு, கொழுந்தன் வேர்த்து ஊத்துறான்.

வந்த தகவல் எல்லாம் 'பஸ்ஸை முந்திக்கிட்டுப் போச்சு' ரகம்.

"சிரிக்கிறவன் சிரிச்சுட்டுப் போயிடறான் அண்ணி. ஒரே ஒரு ஆளு மட்டும் விடாம வர்றாரு. ஒவ்வொரு தடவையும் மலை கணக்கா எதையோ உள்ள தள்ளப் பாக்குறாரு. அதான் தாங்கல."

"யாரு அது?"

"கீழ்வீட்டு பல் டாக்டர். அவருக்கு வைஃபை மாட்டுனதே நான்தான், சைட்ல விழுற அந்த லைன் நம்பர் எனக்குத் தெரியாதா?"

டெய்லரம்மாவுக்குப் பத்திக்கிச்சு. தையல் மெஷின் சத்தத்துல பேஷண்ட் வாயத் தொறக்க மாட்டேங்குறான்னு மூணு மாசமா மல்லுக்கு நிக்கிற மனுஷன்.

"பழி வாங்குறாருடா. பன்னெண்டு வருஷமா என் காலடியில கெடந்த ஜீவன். காலையிலேர்ந்து மெஷின் மிதிக்கக் கால் வரல எனக்கு. யாராவது நெசமாப் பாத்துட்டு எழுத வந்தா இந்த ஆளு வழிய மறிக்கிறாரே. மொதல்ல அவரை அடைச்சு விடு."

அடைச்சான். சைட்டு எந்திரிச்சு நின்னுச்சு. ஆமையப் பத்தித்தான் ஒரு சேதியும் வரல.

"இரு, நாக்கப் புடுங்குற மாதிரி நாலு கேட்டுட்டு வர்றேன்." கழுத்துல இஞ்ச் டேப்போட தடதடன்னு எறங்கினா.

டாக்டரே கதவைத் தொறந்தாரு. கையில போன், மூஞ்செல்லாம் வேர்வை.

"என்ன சார், எங்க சைட்ல உங்களுக்கு என்ன சோலி?"

"அதைத்தாம்மா நானும் கேக்குறேன். போட்டோ எடுத்து காலையிலேர்ந்து அனுப்புறேன், போய்ச் சேரவே மாட்டேங்குது. இப்ப உள்ளயே விடல."

"என்ன போட்டோ?"

"மின்னல்தான். எங்க ஷூ ஸ்டாண்டுக்கு அடியில கெடந்துச்சு."

"பதினாறு படி சார். ஏறி வந்து சொல்லக் கூடாதா?"

"நீங்கதானே போன மாசம், 'இனி இந்தப் படியில கால் வச்சா கத்தரிக்கோல்தான் பேசும்'னீங்க? சரி, மெதுவாப் பேசுங்க, இப்பத்தான் கண்ணசந்துச்சு."

அவ எட்டிப் பாத்தா. பல் புடுங்குற சேர்ல, மடிச்சுப் போட்ட துண்டு மேல மின்னல் படுத்திருந்துச்சு. சுவரோரப் பெஞ்சுல வீங்கின கன்னத்தைப் புடிச்சுக்கிட்டு ரெண்டு பேர், அது எப்ப எந்திரிக்கும்னு காத்துக்கிட்டு இருந்தாங்க.