உரம் போடாத வரிசை

சத்தில்லாத மண்ணில் மூன்று வருடங்களுக்கு முன் நட்ட தைலமரங்களை ஆராய்ச்சியாளர் அளந்து முடித்தார். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒரே ஒரு வரிசைக்கு மட்டும் உரம் வைக்கக் கூடாது என்பது அவருடைய உத்தரவு.

"போட்டதும் போடாததும் ஒரே உயரம்! இந்த மண்ணுக்கு உரமே வேண்டாம்" என்றார் மேலாளரிடம்.

மறுநாளே உரம் வைக்கும் பெண்கள் இருபது பேருக்கும் வேலை போயிற்று.

"எங்க பொழப்புல மண்ணள்ளிப் போட்டவன் உருப்படுவானா?" என்று வழியெல்லாம் சபித்துக்கொண்டே நடந்தாள் அக்கா. அதே வேலை பார்த்த தங்கை தலையைக் குனிந்தபடி கூட வந்தாள்.

"ஏன்டி பேயறைஞ்ச மாதிரி வர்றே? உனக்குக் கோபமே வரலையா?"

"அவரு மேல தப்பில்லக்கா. நட்ட புதுசுல சுத்தி எல்லாம் பச்சைப்பசேல்னு நிக்க, அந்த வரிசை மட்டும் தாயில்லாப் பிள்ளை மாதிரி வெளுத்துக் கிடந்துச்சு. மனசு கேக்கல. மேஸ்திரி அசந்த நேரமாப் பார்த்து, அதுலருந்து ஒவ்வொரு தடவையும் அதுக்கும் உரம் வச்சுட்டேன்."

அக்கா அப்படியே நின்றுவிட்டாள்.

"அடிப்பாவி! இப்பவே ஓடு. அவர்கிட்ட உண்மையைச் சொல்லு."

"காலையிலயே கால்ல விழுந்து சொன்னேன்க்கா. வேலைக்காக என்னமா கதை கட்டுறேன்னு சிரிச்சாரு."