ஒரு ஆண், நாலு பெண்

"பெட்டியைக் கட்டினது போதாதுன்னு மீனையும் தூக்கிக்கிட்டுப் போறியா?"

அத்தை வாசலை மறித்து நின்றாள்.

அக்காவின் ஒரு கையில் பெட்டி. மறு கையில் வாளி. வாளிக்குள் பெரிய நீலச் சிக்லிட் மீன், இடம் போதாமல் சுற்றிச் சுற்றி வந்தது.

"தொட்டியில இருந்ததே ஒரே ஒரு ஆண். கண்ணுக்கு அழகா அது ஒண்ணுதான். மீதி நாலும் பெண்ணு, கழுவி ஊத்தின தண்ணி நிறத்துல. அதுங்களைத் தங்கச்சி தலையில கட்டிட்டு நல்லதை நீ எடுத்துக்கிட்டியா? பங்கு பிரிக்கிற லட்சணம் நல்லா இருக்குடி!"

"மீனை வாங்கினது நான்."

"தங்கச்சியை வளர்த்ததும் நீதான். அவளை மட்டும் ஏன் விட்டுட்டுப் போற?"

அக்கா வாளிக்குள் குனிந்து பார்த்தாள். அவள் பதில் சொல்லாமல் நின்றதை அந்தத் தெரு அதுவரை பார்த்ததில்லை.

முன்னறைதான் கடை. திரைச்சீலை தைத்துக் கொடுக்கும் கடை. அக்கா பேசுவாள், தங்கை தைப்பாள். மொத்த வியாபாரியையே வியர்க்க வைக்கும் வாய் அக்காவுக்கு. தங்கைக்கு வாய் இருப்பது சாப்பிடும்போதுதான் தெரியும்.

அத்தை உள்பக்கம் திரும்பினாள். "நீ என்னடி சொல்ற? தனியா கடையைப் பார்த்துக்குவியா?"

தங்கை உதட்டைப் பிரித்தாள்.

"பார்த்துக்குவா," என்றாள் அக்கா.

"நான் அவளைக் கேட்டேன்!"

"அவளுக்கும் சேர்த்துத்தான் சொன்னேன். வழியை விடுங்க அத்தை. இந்த வீடு எனக்குப் புழுங்குது."

வாளித் தண்ணீர் தளும்பத் தளும்ப இறங்கிப் போய்விட்டாள்.

அத்தை துணைக்குத் தங்கினாள். வேறென்ன செய்வது?

சாயங்காலமானால் தங்கை மீன் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவாள். தொட்டியின் வெளிச்சம் தொங்குகிற சீலைகளில் அலை அலையாக ஏறும். சுவரே தண்ணீராகிவிட்ட மாதிரி இருக்கும். நாலு சாம்பல் மீன்களும் ஓசையில்லாமல் மிதக்கும். பெரிய மீன் இருந்த மூலைக்கு மட்டும் எதுவும் போகாது. வெளியே போன முதலாளியின் நாற்காலியில் யாரும் உட்காராத மாதிரி.

கடைக்கு ஆள் வந்தால் தங்கையிடம் ஒரே பாட்டுதான்.

"அக்கா இல்லை. அப்புறம் வாங்க."

"எல்லாரையும் இப்படித் திருப்பி அனுப்பினா, கடையை எதுக்குடி திறக்குற? காத்து வாங்கவா?" என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். "அறைக்கெல்லாம் திரை கேட்டாரே, அந்த விடுதிக்காரர் அடுத்த வாரம் வர்றாராம். அவர் ஆர்டரும் போச்சுன்னா பூட்டைத் தொங்கவிட வேண்டியதுதான்."

தங்கை ஊசியில் நூல் கோத்தாள். கோத்ததையே உருவி மறுபடியும் கோத்தாள்.

ஒரு காலையில் அத்தை அரைத் தூக்கத்தில் தொட்டிப் பக்கம் பார்த்தாள். சாம்பலுக்கு நடுவில் துளி நீலம். கனவு என்று புரண்டு படுத்துவிட்டாள்.

மறுநாள் அந்த நீலம் துடுப்பு வரைக்கும் பரவியிருந்தது. யாரோ தண்ணீருக்குள் மையைச் சொட்டிவிட்டு, அது கரைவதை வேடிக்கை பார்க்கிற மாதிரி. எப்போதும் கல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நிற்குமே, அந்த மீன். இப்போது பெரிய மீனின் மூலையில் நிமிர்ந்து நின்றது.

"அடியே, இங்க வா! பெண்ணு ஆணாயிடுச்சு!"

தங்கை வரவில்லை. முன்னறையிலிருந்து பேச்சுச் சத்தம் கேட்டது. அத்தை சீலையை விலக்கி எட்டிப் பார்த்தாள்.

விடுதிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "உங்க அக்கா இருந்திருந்தா எனக்குக் கொஞ்சம் குறைச்சுக் கொடுத்திருப்பாங்கம்மா."

இதோ, 'அப்புறம் வாங்க' வரப்போகிறது.

"அக்கா குறைச்சாளா?" தங்கை அளவுநாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். "அப்போ நீங்க போனது வேற கடை சார்."

விடுதிக்காரர் சிரித்துவிட்டார். "அளவு எடுக்க எப்போ வர்றீங்க?"

அன்றைக்கே அத்தை, அக்கா வாடகைக்கு எடுத்திருந்த அறைக்குப் போனாள். சும்மா போகவில்லை, குத்திக் காட்டத்தான்.

கட்டிலுக்கே இடம் போதாத அறை. இன்னொருவர் கடையில் நாளெல்லாம் துணி மடித்துவிட்டு வந்து, அக்கா பாயில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் ஓரம் கண்ணாடித் தொட்டியில் பெரிய மீன்.

"நீ இல்லாட்டி கடை படுத்துடும்னு நினைச்சியா? விடுதி ஆர்டரை உன் தங்கச்சியே பேசி வாங்கிட்டா. பேசினாடி, அவ பேசினா! நீ அழகான மீனைத் தூக்கிட்டு வந்தியே, அங்க ஒரு பெண்ணு ஆணாவே மாறி நீலமா நிக்குது. இப்ப என்ன சொல்ற?"

"கல்லுக்குப் பின்னால நிக்குமே, அதா?"

"அதேதான். உனக்கு எப்படித் தெரியும்?"

"மாறலை அத்தை. அது பிறந்ததே ஆணாத்தான். பெரிசு பக்கத்துல இருந்தா அடி விழும்னு நிறத்தை உள்ள இழுத்துக்கிட்டு, பெண்ணு மாதிரியே திரியும். நாமளும் பெண்ணுன்னே நம்பிட்டோம். ஒரு நாள் தொட்டி கழுவறதுக்காகப் பெரிசை வாளியில விட்டேன். கொஞ்ச நேரத்துல அது மேல நீலம் ஏறிச்சு. பெரிசைத் திருப்பி விட்டதும் விளக்கு அணைஞ்ச மாதிரி அணைஞ்சு போச்சு."

"சரி, அதுக்காகப் பெரிசை எடுத்தே. நீ எதுக்குடி வீட்டை விட்டு வந்தே?"

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அந்த வீட்டுல பெரிசு ரெண்டு இருந்துச்சு அத்தை. ரெண்டையும்தான் எடுத்தேன்."